மேலே ஒரு அடுக்கு வெள்ளைச் சோறு

கப்பலூரில் அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நாங்கள் ஒன்பது பொம்பளைகள் வேலை பார்த்தோம். மத்தியானம் பெல் அடித்ததும் ஷெட் ஓரத்தில் வட்டமாக உட்காருவோம். வட்டம்தான், ஆனால் ஒருத்தி சாப்பிடுவது இன்னொருத்திக்குத் தெரியாது. டிபன் பாக்ஸ் மூடியை முன்னால் நிமிர்த்தி, இடது கையால் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் குனிந்துதான் சாப்பிடுவோம். பழைய சோறு கொண்டு வந்தவளும் மறைப்பாள், வெஞ்சனம் இல்லாமல் வெறும் சோறும் ஊறுகாயும் கொண்டு வந்தவளும் மறைப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சிலேட்டை மறைத்து எழுதுவோமே, அந்த மாதிரி கை தானாக மூடிக்குப் போய்விடும்.

ஒன்பதாவது ஆள் மட்டும் மூடியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைப்பாள். எட்டிப் பிடித்தாலும் கைக்கு அகப்படாத தூரத்தில். அப்புறம் பாக்ஸை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு சுற்றுக் காட்டுவாள்.

"பாத்துக்கங்கடி. இன்னைக்குக் கேப்பைக் களி, முருங்கைக் கீரை, நெத்திலிக் கருவாடு. நாளைக்குக் கம்பஞ்சோறு, தட்டாம்பயறு." சினிமாக் கொட்டகையில் இன்றே கடைசி, நாளை முதல் என்று ரிக்ஷாவில் கத்திக்கொண்டு போவார்களே, அதே ராகம்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது பஸ் ஏறி வந்துவிடுவாள். "எம் பேர எதுக்குக்கா எழுதுன? என் சோத்த எழுது" என்பாள். என்னைவிட நாலு வயது சின்னவள். ஒல்லி. நடையில் மட்டும் பத்துப் பேர் வருகிற மாதிரி இருக்கும். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். கல்யாணம் ஆகிக் காளவாசலுக்கு வந்து, அங்கிருந்து ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வருவாள். புருஷன் கொத்தனாருக்குக் கையாள். ரெண்டு பிள்ளைகள். ரெண்டும் காய்ச்சல் என்று படுத்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது இருக்கிறவர்களுக்குப் புரியாது. அன்றைக்குக் கேப்பை தின்பது வெட்கம். எண்பதுகளின் தொடக்கம் அது. அரிசிச் சோறு சாப்பிட்டால்தான் மனிதர். களி, கூழ் என்றால் கூலிக்காரன் வீட்டு அடுப்பு என்று முகத்தைச் சுளிப்பார்கள். அப்படிச் சுளித்தவர்கள் வீட்டிலும் அதுதான் கொதித்தது, அது வேறு விஷயம். பாண்டியம்மா என்று ஒரு அக்கா, எங்களில் மூத்தவர், அவளைக் 'களிச்சட்டி' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏ களிச்சட்டி, அந்தப் பசைவாளிய எடு."

"இந்தா மதினி. நான் களிச்சட்டி, சரி. உள்ள ஏதோ இருக்கு. வெறுஞ்சட்டிய என்னான்னு கூப்புடுறது?"

பாண்டியம்மா அதற்குப் பிறகு ரெண்டு நாள் பேசவில்லை. எனக்குத்தான் பயம், ஏதோ நான் சொன்ன மாதிரி. என் சுபாவம் அது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். கவலைப்படுகிற பாடத்தில் மட்டும் மேல்படிப்பு முடித்தவள். அடுத்த வீட்டில் பால் பொங்கினால் என் வீட்டு அடுப்பை அணைப்பேன்.

அந்த வருஷம் கவலைப்பட நியாயமான காரணமே இருந்தது. நான் மாசமாக இருந்தேன். முன்னால் ரெண்டு, ரெண்டும் தங்கவில்லை. மூன்றாவது இது. காலையில் எழுந்தால் கண் இருட்டும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே பிள்ளை இருக்கிறதா, போய்விட்டதா என்று வயிற்றோடு பேசிக்கொண்டு வருவேன். பத்து மணிக்கு ஒரு டீ, ஒரு பன். மத்தியானம் அரிசிச் சோறு, ரசம். அவ்வளவுதான் இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் என் மூடிச்சுவரை ஒரு விரலால் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

"எக்கா, நீ திங்கிறதுல வெள்ளையத் தவிர வேற நெறமே இல்லையே. பன்னு வெள்ள, சோறு வெள்ள. அதேன் மூஞ்சியும் வெள்ளையடிச்ச செவுரு மாதிரி இருக்கு."

"மூடிய விடு புள்ள."

"மைதாப் பசையத்தான் காலையிலருந்து அட்டைக்குத் தடவுறோம். அதையே பன்னுன்னு வயித்துக்கும் தடவுவியா?"

சொல்லிவிட்டுத் தன் களியில் பாதியைக் கிள்ளி என் பாக்ஸில் வைத்தாள். நான் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். எட்டு மூடிகளில் ஏழு மூடிகளுக்கு மேலே கண்கள் தெரிந்தன. வெட்கத்தில் முழுங்கினேன். முழுங்கியது இறங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் கண் இருட்டவில்லை. ஒருவேளை தற்செயலோ என்று ராத்திரி பூராவும் கவலைப்பட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்ததும் அவள்தான். அரை நாள் லீவு போட்டு வந்தாள். டாக்டரம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையேம்மா" என்றார். "மாத்திரை எழுதியிருக்கேன், ஒருநாளும் விடக் கூடாது. பழம் நெறையச் சாப்பிடு. ஆப்பிள், மாதுளை. ஈரல், முட்டை எடுத்துக்க."

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆப்பிளை நான் தள்ளுவண்டியில் பார்த்திருக்கிறேன், அம்மன் கழுத்து மாலை மாதிரி தூரத்தில் இருந்து.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. "ஆப்பிள்ல இருக்கிறது கொய்யாவுல இருக்கா இல்லையாங்க டாக்டரம்மா?"

"நீங்க யாரு?"

"கூட வேலை பாக்குறவ. இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "கொய்யாவே போதும். ரொம்ப நல்லது."

"ஈரல் ஆம்புடலேன்னா? சுவரொட்டி?"

ஆட்டு மண்ணீரலைத்தான் எங்கள் பக்கம் சுவரொட்டி என்பது. "அதுவும் ஆகும்" என்றார்.

"முருங்கைக் கீரை? கேப்பை? கருவாடு?"

"எல்லாமே நல்லது. உப்பு மட்டும் பாத்துக்கங்க. ஆனா மாத்திரைய நிறுத்தக் கூடாது. சாப்பிட்ட கையோட டீ குடிக்கக் கூடாது."

வெளியே வந்ததும் என் கையில் இருந்த சீட்டை வாங்கித் தலைகீழாகப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. "பாத்தியா? கேட்டாத்தான் சொல்றாக. நம்ம தலையத் தலைய ஆட்டிட்டு வந்து, காதுத் தோட்ட வித்து ஆப்பிளு வாங்குறோம்."

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அவளோடு மார்க்கெட்டுக்குப் போவேன். கடை கட்டுகிற நேரம் பார்த்துத்தான் போவாள். மிஞ்சின காயைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள்; அதில் கத்தரிக்காய் ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்ப்பாள். எதற்கு என்று இன்று வரை எனக்குத் தெரியாது. முட்டை மண்டியில் விரிசல் விட்ட முட்டைகளைத் தனியாக ஒரு தட்டில் வைத்திருப்பான். அதைத் துணியில் சுற்றி வாங்கி, "அன்னைக்கே ஆக்கிப்புடணும், மறுநாளைக்கு வச்ச, ஒன்ன வந்து அடிப்பேன்" என்று என் கையில் கொடுப்பாள். கறிக்கடைக்காரரிடம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

"அண்ணே, சுவரொட்டி இருக்கா?"

"ஆட்டுக்கு ஒண்ணுதேன்மா. வேற ஆளுக்கு எடுத்து வச்சிட்டேன்."

"அந்த ஆளு மாசமா இருக்காரா?"

கடையில் நின்ற ஆம்பிளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் சாக்கடைக்குள் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். கறிக்கடைக்காரர் தொங்கவிட்டிருந்த பையிலிருந்து எடுத்து இலையில் வைத்து நீட்டினார்.

அவள் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கொள்ளு நல்லது, கொள்ளு நல்லது என்று சித்திரை வெயிலில் என்னை ஒரு வாரம் கொள்ளுத் தண்ணீர் குடிக்க வைத்தாள். வயிறு பிடித்து இழுத்தது. இந்த முறையும் போச்சு என்று ஒரு பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, சூடு என்றார். ஞாயிற்றுக்கிழமை அவள் மோர்ச் சொம்போடு பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளேகூட வரவில்லை. தெருவில் நின்று, தண்ணீர் பிடிக்கிற பொம்பளைகள் எல்லாம் கேட்கிற மாதிரி, "எக்கா, நான் சொன்னது தப்பு. கொள்ளு ஒனக்கு ஆகாது. டாக்டரம்மாட்ட கேக்காம இனி எதையும் சொல்ல மாட்டேன். மோரு குடி" என்றாள்.

தப்பையும் அவள் மூடி போட்டு வைக்க மாட்டாள். அதுதான் அவள்.

எனக்கு அப்படி வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அரிசி மில்லில் லோடுமேன். முதுகெல்லாம் சாக்குத் தழும்பு. "ஊருக்கே அரிசி சொமக்கிறேன். எம் பொண்டாட்டி, அதுவும் மாசமா இருக்கவ, கேப்பை தின்னான்னு நாலு பேரு பேசவா?" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவர் கோபக்காரர் இல்லை. அதனால்தான் அந்த ஒரு முறை எனக்கு மறக்கவில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்துக் களி கிண்டுவேன். பாக்ஸின் அடியில் களியை அமுக்கி, நடுவில் குழி பறித்துக் கீரையும் நெத்திலியும் வைத்து, மேலே ஒரு அடுக்கு வெள்ளைச் சோறு. கரண்டியின் முதுகால் தடவிவிட்டால் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும். மூடி ஒரு மறைப்பு, அதற்கு உள்ளே சோறு இன்னொரு மறைப்பு. மத்தியானம் ஓரமாக விரலை விட்டுத் தோண்டித் தோண்டிச் சாப்பிடுவேன்.

அவள் பார்த்தாள். "மாத்திரை போடுறியா?" என்று மட்டும் கேட்டாள். போடுகிறேன் என்றேன். "அப்பச் சரி."

நாலாம் மாதம் முடிகிற நேரத்தில் கம்பெனியில் அந்த நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் பெட்டிகள் ஒரு மிட்டாய்க் கம்பெனிக்குப் போகும். அங்கிருந்து, பெட்டியில் கருவாட்டு வாடை அடிக்கிறது என்று புகார் வந்ததாம். சூப்பர்வைசர் நோட்டீஸை ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒன்பது பேரில் தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் நான். "சத்தமா வாசிம்மா, எல்லாரும் கேக்கட்டும்."

வாசித்தேன். கருவாடு முதலிய வாடை வரும் பண்டங்களும், கையில் ஒட்டி அட்டையைக் கறையாக்கும் களி, கூழ் வகைகளும் கம்பெனிக்குள் கொண்டுவரக் கூடாது. வாட்ச்மேன் காலையில் பாக்ஸைத் திறந்து பார்ப்பார். மீறினால் வேலை கிடையாது. என் வாயால்தான் வாசித்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் என் பாக்ஸின் அடிப்பகுதி எனக்கு ஞாபகம் வந்தது.

"நல்லா வாசிக்கிறக்கா" என்றாள் அவள். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, "சார், கம்பெனிக்குள்ளதான கூடாது?" என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து பாக்ஸை வாட்ச்மேன் ஸ்டூலுக்கு அடியில், கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். பெல் அடித்ததும் வெளியே போவாள். ரோட்டோரத்தில் ஓடைக்கு மேலே ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச் சுவரில், புளியமரத்து நிழலில், ஷெட்டைப் பார்த்து உட்காருவாள். மூடி முதுகுக்குப் பின்னால். திருமங்கலம் ரோட்டில் போகிற லாரிக்காரன் எவனாவது ஹாரன் அடித்தால் களி உருண்டையைத் தூக்கிக் காட்டுவாள். சாப்பிட்டுக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, சூப்பர்வைசர் மூக்குக்கு நேரே ரெண்டு கையையும் நீட்டிவிட்டு உள்ளே வருவாள். ஒரு நிமிஷம் பிந்தினது கிடையாது. பிந்தினால்தானே பிடிக்கலாம்? அதுதான் அவருக்கு எரிச்சல்.

நாங்கள் எட்டுப் பேரும் உள்ளே இருந்தோம். வாட்ச்மேன் என் பாக்ஸைத் திறப்பார், வெள்ளையைப் பார்ப்பார், மூடுவார். தினமும் காலையில் அந்த ஒரு நொடியில் எனக்கு உயிர் போய் வரும். களியை விட்டுவிடலாம் என்றால் பிள்ளையை நினைத்துப் பயம். கொண்டு போகலாம் என்றால் வேலையை நினைத்துப் பயம். ரெண்டு பயத்துக்கும் நடுவில், மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்து, "பரவாயில்லையே, தேறிட்டியே" என்றபோது சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது.

ஏழாம் மாதம். மிட்டாய்க் கம்பெனியிலிருந்து ஒருவர் சரக்கைப் பார்க்க வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கர்ச்சீப். நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சூப்பர்வைசர் அவரை எங்கள் வட்டத்துக்கே கூட்டி வந்துவிட்டார். நான் இன்னும் விரல் வைக்கவில்லை. என் மூடியை விலக்கி, பாக்ஸைத் தூக்கினார்.

"பாருங்க சார். இப்ப எல்லாம் இப்படித்தான். சுத்தமான அரிசிச் சோறு. மோந்து பாருங்க, ஒண்ணும் வராது."

அவரும் கர்ச்சீப்பை விலக்கிக் குனிந்து முகர்ந்தார். "ம். ஒண்ணும் இல்ல. போன மூணு மாசமா வந்த பெட்டியிலயும் வாடை இல்ல, நானே சொல்லணும்னு நெனச்சேன்."

"அதான் சார். அந்தா வெளியே உக்காந்திருக்கே, அது ஒண்ணுதான் மிச்சம்." பாலத்தைக் கையால் காட்டினார். அவள் அங்கே எங்களைப் பார்த்து உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். "திமிரு புடிச்ச பொம்பள. அதையும் நாளையிலருந்து நிப்பாட்டிடுறேன். நீங்க கவலைப்படாதீங்க."

பாக்ஸை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

அவளுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புருஷனுக்கு மழைக்காலத்தில் வேலை கிடையாது. நான் வாயைத் திறந்தால் எனக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். இதையெல்லாம் யோசித்து முடிக்க எனக்குச் சாதாரணமாக ஒரு வாரம் ஆகும். அன்றைக்கு யோசிக்கவில்லை. உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பசித்தது. அவ்வளவுதான். தோண்டித் தோண்டித் தின்ன அன்றைக்குப் பொறுமை இல்லை.

"சார்" என்றேன். மூடியைத் தரையில் மல்லாக்க வைத்தேன். பாக்ஸை அதன் மேல் கவிழ்த்தேன். அடியில் ரெண்டு தட்டுத் தட்டினேன்.

வெள்ளைச் சோறு கீழே போனது. களி மேலே வந்தது. பாக்ஸ் அச்சில் வார்த்த மாதிரி, கறுப்பாக, மினுமினு என்று நின்றது. விரலால் உடைத்தேன். உள்ளே இருந்த கீரையும் நெத்திலியும் வெளியே வந்தன. அந்த மணம், இப்போது எழுதும்போதும் வாயில் நீர் ஊறுகிறது, வட்டம் முழுக்கப் பரவியது.

"மூணு மாசமா இதத்தான் சார் உள்ள உக்காந்து தின்னுட்டு இருக்கேன். தின்னுட்டுக் கையக் கழுவிட்டு உங்க பெட்டியத்தான் ஒட்டுறேன். வாடை இல்லேன்னு இப்ப நீங்களே சொன்னீங்க." வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தே பேசினேன். "அப்ப அந்த வாடை உங்க லாரியில வந்துச்சோ, குடோன்ல வந்துச்சோ, எங்களுக்குத் தெரியாது. எங்க சோத்துல வரல. அந்தப் புள்ளைய நிப்பாட்டுனா என்னையும் நிப்பாட்டுங்க. நான் உள்ளயே வச்சுத் தின்னவ."

சூப்பர்வைசர் முகம் களியைவிடக் கறுத்தது. பாண்டியம்மாவைப் பார்த்தேன். அவர் மூடியை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். ஆனால் எனக்குப் பக்கத்தில் இருந்த செல்வி, அதிகம் பேசாத பெண், தன் சோற்றை விரலால் ஒதுக்கினாள். அடியில் கம்பு. அவளும் மேலே சோறு பூசித்தான் கொண்டு வந்திருக்கிறாள், என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல். அதற்கு அடுத்தவளும் ஒதுக்கினாள். மற்றவர்கள் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் யார்?

வெள்ளைச் சட்டைக்காரர் கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார். "சோப்புப் போட்டுக் கழுவுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"சோப்பு எங்க சார் இருக்கு? மண்ணுதான்."

அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மேலே தகரக் கூரையைப் பார்த்தார். ரெண்டு பேரும் ஆபீஸ் பக்கம் போனார்கள்.

நான் களியை மூடியோடு ஏந்திக்கொண்டு கேட்டைத் தாண்டிப் பாலத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கட்டிப்பிடிப்பாள், கண் கலங்குவாள் என்று நினைத்தேன். அவள் என் களியில் ஒரு கிள்ளு எடுத்து விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தாள்.

"இம்புட்டு நாளா இதையாக்கா தின்ன? கட்டி கட்டியா நிக்குது. ஒனக்குக் கிண்டவே தெரியல."

"உன் வேலைக்காக நான் அங்க..."

"அதச் சாயங்காலம் பேசுவோம். மொதல்ல தண்ணி கொதிக்கும்போதே மாவப் போடாத. கரைச்சு ஊத்து. தள்ளி உக்காரு, நெழல் இந்தப் பக்கம்." முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினாள். ஒரு லாரி ஹாரன் அடித்துப் போனது. அன்றைக்கு அவள் உருண்டையைத் தூக்கிக் காட்டவில்லை.

ரெண்டு பேரையும் நிப்பாட்டவில்லை. நோட்டீஸைக் கிழிக்கவும் இல்லை. அது அங்கேயே மஞ்சளாகி, பல்லி ஒன்று அதன் பின்னால் குடிவந்தது. குழாயடியில் ஒரு சோப்பு வந்தது, கயிற்றில் கட்டி. ஒரு வாரம் கழித்து சூப்பர்வைசர் கேட்டுக்கு வந்து, "ஏம்மா, உள்ள வந்து சாப்பிடு, யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார். "இங்க காத்து வருது சார்" என்றாள். செல்வியும் நானும்கூட அங்கேதான் இருந்தோம். ஒரு மாதத்தில் பாலத்துச் சுவரில் ஐந்து பேர். மூடிகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால், வரிசையாக, வெயிலில்.

பாக்ஸைக் கவிழ்த்ததற்கு மறுநாள் காலையில் வீட்டில் ஒன்று நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் இருக்கும்போதே களியைக் கிண்டினேன். கரைத்து ஊற்றித்தான். பாக்ஸில் வைத்தேன். மூடாமல் அவர் முன்னாலேயே வைத்துவிட்டு, என்ன சொல்லப் போகிறாரோ என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர், அங்கே நின்று கேட்டார்.

"இன்னைக்கு மேல சோறு வைக்கலயா?"

இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

"வைக்கல" என்றேன். "இனி வைக்க மாட்டேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போனார்.

பெண் பிள்ளை பிறந்தது. அழுத அழுகையில் நர்ஸம்மா காதைப் பொத்திக்கொண்டார். அந்த வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு சின்ன அலமாரி உண்டு. பார்க்க வருகிறவர்கள் வாங்கி வருகிற சத்துமாவு டின், ஆப்பிள், பிஸ்கட் எல்லாவற்றையும் அதன் மேல் கடை பரப்பின மாதிரி அடுக்கி வைப்பார்கள். யார் அலமாரி உயரம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். என் அலமாரி மேல் மாத்திரைச் சீட்டும் ரெண்டு கொய்யாவும் இருந்தன. நான் அதையும் துண்டால் மூடி வைத்திருந்தேன். பழக்கம் போகுமா?

அவள் சாயங்காலம் வந்தாள். கையில் தூக்குவாளி. பிள்ளையைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தாள், கத்தரிக்காய் பார்க்கிற மாதிரியே. என்னிடம் கொடுத்தாள். பிறகு அலமாரி மேல் இருந்த துண்டை உருவி மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, தூக்குவாளியை நடுவில் வைத்து, மூடியைக் கழற்றினாள். மோர் விட்டுக் கரைத்த கம்பங்கஞ்சி, மேலே சின்ன வெங்காயம். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன், குடிக்கலாமாம்" என்று வார்டுக்கே சொன்னாள். மூடியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வாரேன்க்கா. கடைசி பஸ்ஸு போயிரும்."

"ஏ புள்ள, மூடியக் குடுத்துட்டுப் போ. ஈ மொய்க்கும்."

"மொய்க்கிறதுக்குள்ள குடி."